விரல்நுனி இரத்தம்

சுதந்திரம் வந்தால் வெள்ளைக்காரர்களின் வேலைகள் நமக்குக் கிடைக்கும் என்று மலாக்காவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். அதை நடத்திய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். உயிருள்ள அணுக்களை ஒளிரவைக்கும் சாயம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். ஒரு துளி இரத்தத்தில் அதைக் கலந்து ஊதா விளக்கின் கீழ் நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்கள் இருட்டில் பச்சையாக மினுங்கும். சாயம் கூடினால் அணு செத்துவிடும், குறைந்தால் ஒன்றும் தெரியாது. அந்த அளவு எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆனது.

இரத்தம் தந்தவர் அங்கே கண்ணாடித் தகடுகள் கழுவிய அக்கா. காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழ்ச் செட்டிகளின் கம்போங் செட்டியில் வீடு. பேச்சு மலாய்தான், சாமி பெயர்கள் மட்டும் தமிழில் வரும். ஊசியை எடுத்தால் சிரித்துக்கொண்டே விரலை நீட்டுவார்.

ஒருநாள் அவர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. எல்லாம் பெரியவை, முதிராதவை. பச்சையைச் சுற்றிச் செம்மஞ்சளாக எரிந்தன.

"இரத்தப் புற்றுநோய்," என்றார் டாக்டர். "அவவுக்குச் சொல்லாதேயும். பயந்து வராமல் விட்டிடுவா. எனக்குக் கிழமைக்கு ஒரு துளி வேணும்." ஊதா விளக்கை அணைத்துவிட்டு, "வெள்ளைக்காரரின்ர வேலைக்கான பயிற்சிக்கு உம்மைத்தான் அனுப்பப்போறன்," என்றார்.

நான் அக்காவிடம் சொல்லாமல் வாராவாரம் துளி எடுத்தேன். ஊரிலிருந்த மற்ற டாக்டர்களெல்லாம் வந்து அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கும் ஆசை வந்தது. குனிந்து பார்த்தவர், "சாந்தேக்!" என்றார். அழகாம்.

"உங்க இரத்தந்தான்க்கா ரொம்ப அழகு," என்று மலாயில் சொன்னேன். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. கைகளில் நீலம் பாய்ந்தது. ஒருநாள் காலையில் வீட்டிலேயே விழுந்துவிட்டார். பார்க்க வந்த வேறொரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்.

நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். படுத்திருந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"லூ சுடா தாவ்?" உனக்கு முன்பே தெரியுமா?

ஆமென்று தலையசைத்தேன்.

"மகள் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தேனே," என்றார் மலாயில். "சொல்லியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கணவர் பழப்பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

நலம் விசாரிக்க மட்டும் நான் போகவில்லை. கடைசியாக ஒரு துளி எடுத்துவரும்படி டாக்டர் அனுப்பியிருந்தார். ஊசி என் கைப்பையில் இருந்தது. எடுக்காமல் திரும்பியதற்குத் திட்டினார்.

அக்கா அந்த வாரமே இறந்தார். பயிற்சிக்கு டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். போனேன்.