கண்ணாடிப் பெட்டிக்குப் போன ஸ்பூன்

நந்தனத்தில் பழைய விமானப் பொருள்களுக்கென்று ஒரு சின்னக் காட்சிக்கூடம் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, அப்பா எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து, சாம்பார்ப் பொடி டப்பாவிலிருந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

அது சாதாரண ஸ்பூன் இல்லை. புரொப்பெல்லர் விமானக் காலத்தில் அப்பாவின் அப்பா பம்பாய் போய்வந்தபோது, அவரோடு கூடவே இறங்கி வந்தது. எப்படி இறங்கியது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கைப்பிடியில் ஒரு சின்ன இறக்கை பொறித்திருக்கும். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது பொடி டப்பாவில்தான் கிடந்தது.

மறுநாளே சாம்பார் கெட்டது. ஒரு நாள் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு நாள் வெந்நீரில் பருப்பு மிதந்தது. அளவு ஸ்பூன் போனால் நான் என்ன செய்ய என்று அம்மா கையை விரித்தாள். தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கி வந்த ஸ்பூன்களையெல்லாம் பெரிசு, சிறிசு என்று ஒதுக்கினாள். அப்பா இளைத்தே போனார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும், கேட்காவிட்டால் உயிர் போய்விடும் என்று என்னிடம் புலம்பினார். பாவமாகத்தான் இருந்தது. என் வயிற்றை நினைத்தால் கோபமும் வந்தது.

"ருசியெல்லாம் அங்க கண்ணாடிப் பெட்டில இருக்கு. போய்ச் சாப்டுட்டு வாங்கோ" என்றாள் அம்மா.

கடைசியில் மூவருமாகப் போனோம். ஒரு விமானியின் தோல் தொப்பிக்குப் பக்கத்தில், வெல்வெட் துணியில் எங்கள் ஸ்பூன் படுத்திருந்தது. கீழே அட்டையில் தாத்தாவின் பெயர்; வழங்கியவர் என்று அப்பாவின் பெயர். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா மூக்கு கண்ணாடியில் இடிக்க அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பொறுப்பாளரான பெண்ணைக் கூப்பிட்டாள். ஸ்பூனைத் திருப்பிக் கேட்கப்போகிறாள் என்று அப்பா தூணோரம் நழுவினார். அம்மா கேட்டது வேறு. இத்தனை வருஷம் அதைத் தேய்த்துக் கழுவித் தொலையாமல் காப்பாற்றியவள் பெயர் எங்கே என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அட்டையில் சேர்த்து எழுதினாள்.

அன்றைக்குச் சாம்பார் பழையபடி மணத்தது. அப்பா மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த ஸ்பூனில் அளந்தாய் என்று விசாரித்தார்.

"நான் என்னிக்கு ஸ்பூன்ல அளந்தேன்? கையாலதான் அள்ளிப் போடுவேன்" என்றாள் அம்மா. "ஒரு நாளாவது நான் சமைக்கறச்சே உள்ள வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."