ஆறு பாகப் பலூன்

காரைக்காலிலிருந்து நெரவி, வரிச்சிக்குடி வரைக்கும் எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் நான் வெட்டிய உள்பாவாடை ஒன்றாவது காயும். பெருமைக்குச் சொல்லவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு பழைய தையல் மிஷினில் ஆரம்பித்து இன்று இரண்டு கடை வைத்திருக்கிறேன்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவரும் தையல்காரர்தான், ஆனால் பேண்ட், சட்டை மட்டும். எங்கள் தொழிலில் பேண்ட் வெட்டுகிறவர் பாவாடை வெட்டுகிறவரைப் பார்க்கிற பார்வையே தனி.

போன கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, போனில் ஒரு படம் காட்டினார். ஆட்களை ஏற்றிக்கொண்டு வானத்தில் போகிற வெப்பக்காற்றுப் பலூன்.

“பாத்தியா மாப்ளே, அவ்வளவும் துணி. இதுதான்டா தையலு!”

“இது பாவாடைதான் மச்சான். பாகம் பாகமா வெட்டி மூட்டியிருக்கான். நானே செய்வேன்.”

“பாவாடைக்கு அளவே கெடையாதுடா. நாடாவ இழுத்தா யாருக்கும் சேந்துடும். பலூனுக்கும் நாடா போட்டுத்தான் பறக்க விடுவியா?”

அங்கேயே பந்தயம் கட்டினோம். புத்தாண்டு காலையில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பலூன் பறக்க வேண்டும். பறந்தால் ‘என் மாப்ள கெட்டிக்காரன்’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன். பறக்காவிட்டால் ஒரு வருஷம் நான் பெருமை பேசக்கூடாது.

“அண்ணே, நான் ஒங்க பக்கம்,” என்றாள் என் மனைவி. “ஒரு வருஷம் காதுக்கு லீவு கெடைக்கட்டும்.”

பாவாடைப் பாகம் மேலே குறுகி, கீழே விரியும். பலூன் பாகம் நடுவில் விரிந்து இரண்டு முனையிலும் குறுக வேண்டும், மீன் மாதிரி. மேல் முனை கூராக, கீழ் முனை உள்ளங்கை அகலத்துக்கு. நியூஸ்பேப்பரில் மாதிரி வெட்டி, கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டுகிற மெல்லிய கலர் தாளை ஆள் உயரத்துக்கு இணைத்து, அடுக்கி வைத்து ஒரே வெட்டு. ஆறு பாகமும் அச்சில் வார்த்தது போல வந்தன. அப்படி வெட்ட இந்த ஊரில் வேறு கை இல்லை.

மிஷினில் ஏற்றும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, தாளப் போயி தைக்கிறீங்களே. ஊசி ஓட்டையில காத்துப் போயிடாது?”

“பசை போட்டு ஒட்டுறவன் தையல்காரனா? நீ ஒலையப் பாரு.”

அடுப்புக்கு மேலே பிடித்தபோது பலூன் கொஞ்சம் உப்பியது. பிறகு தையல் போன வழியெல்லாம், தபால்தலையைக் கிழிப்பது போல, வரிசையாகப் பிரிந்துகொண்டு வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷம்! கடைக்கு வருகிறவர்களிடம் துணியைப் பற்றி மட்டும் பேச முடியுமா?

மறுநாள் திரும்பவும் ஆறு பாகம் வெட்டினேன். மனைவி மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“நீ அந்தப் பக்கமாச்சே?”

“பக்கம் வேற, வேல வேற. நீங்க கோணலா ஒட்டி மானத்த வாங்காதீங்க. தள்ளுங்க.”

விரல் அகலத்துக்கு ஓரம் ஏற்றி அவள் ஒட்ட ஒட்ட, நான் பிடித்துக்கொடுத்தேன். எங்கள் ஊர்க் கடல்காற்றில் பசை லேசில் காயாது. இஸ்திரிப் பெட்டியை மெல்லச் சூடாக்கி ஓரங்களைக் காய வைத்தேன். வாய்க்குத் தென்னை ஈர்க்கில் ஒரு வளையம். நெருப்பை மேலே அனுப்புகிற பேச்சே கிடையாது. அக்கம்பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருக்கிறது. சூடான காற்று மட்டும்தான் ஏறிப் போக வேண்டும்.

புத்தாண்டு அன்று விடிந்தும் விடியாத நேரம். நல்ல குளிர், தென்னை மட்டை அசையவில்லை. மச்சான் காதை மறைத்துக் குல்லா போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நின்றார். கரி அடுப்பின்மேல் தகரக் குழாயை நிறுத்தி, பலூன் வாயை அதன்மேல் பிடித்தேன். மனைவி ஒரு குச்சியால் உச்சியைத் தூக்கிக்கொண்டாள். தாள் சலசலத்தது. ஆறு பாகமும் ஒவ்வொன்றாக விம்மி, கடைசி மடிப்பும் நிமிர்ந்தது. வளையம் என் விரலை மேலே இழுத்தது. மிஷின் நூலை அதில் கட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. எதிர்வீட்டு டிஷ்ஷைத் தாண்டியது. தென்னை உச்சிக்கு மேலே போய், சிவப்பும் மஞ்சளுமாக நின்றது. நூல்கண்டு என் கையில் தானாகச் சுழன்றது. மச்சான் குல்லாவைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“ஒட்டு ஒண்ணு பிரியல பாரு,” என்றார். “என் தங்கச்சி கெட்டிக்காரி.”

“பந்தயத்துல தங்கச்சி இல்ல மச்சான்.”

“சொல்லிடுங்கண்ணே,” என்றாள் மனைவி. “இல்லன்னா இவரு இன்னைக்கு பூரா அடுப்படியில வந்து பொலம்பிக்கிட்டு நிப்பாரு.”

அவர் கனைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார். “என் மாப்ள கெட்டிக்காரன்தான்.”

எதிர் மாடியில் நாலு பேர் பலூனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அவுங்களுக்குக் கேக்கல மச்சான். இன்னொரு தரம் சொல்லுங்க,” என்றேன்.

சொன்னார்.