முத்தவல்லி சாப்பிடாத சோறு

ஊசிப்போன பருப்பின் நாற்றம் எங்கே வந்தாலும் டாலிகஞ்ச் பக்கத்து அந்த வீட்டு முற்றம்தான் எனக்கு நினைவுக்கு வரும். உடனே குமட்டும்.

அப்போது நான் கல்கத்தாவில் கோர்ட்டு குமாஸ்தா. அந்த வீட்டையும் அதையொட்டிய கடைகளையும் ஒரு முஸ்லிம் வியாபாரி தன் காலத்திலேயே வக்ஃபு செய்திருந்தார். வக்ஃபு ஆகிவிட்டால் சொத்து ஆண்டவனுடையது. விற்க முடியாது, பிள்ளைகள் பங்கு போடவும் முடியாது. முத்தவல்லி என்று ஒருவர் நிர்வாகம் பார்ப்பார், அவ்வளவுதான். கொடுத்தவர் விதித்த நிபந்தனையை மாற்ற அவருக்கு உரிமையில்லை. இவர் விதித்தது இது: கடை வாடகையிலிருந்து தினமும் நடுப்பகலில் ஏழைகளுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய கிச்சடி. முத்தவல்லி அவர்களோடு தரையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்க வேண்டும். தான் இருந்தவரை அவரே அப்படித்தான் செய்தாராம்.

பிறகு பேரன் முத்தவல்லியானான். சாப்பிட யாருமே வருவதில்லை, வாடகையைக் குடும்பத்துக்கே எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட்டான். நேரில் பார்த்துவர என்னை அனுப்பலாம் என்று சொன்னதே அவனுடைய வக்கீல்தான். மதராஸி பிராமணன், முசல்மானும் இல்லை வங்காளியும் இல்லை, பாரபட்சம் இருக்காது என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போனேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அண்டாவில் பழைய கிச்சடி நுரைத்துக் கிடந்தது, அதன்மேல் ஈ. அவ்வளவு பெரிய முற்றத்தில் ஒரு கிழவி மட்டும் தகரத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த ஒரு வேளைதான் அவளுக்குச் சாப்பாடு. முத்தவல்லி அத்தர் மணக்க வந்து நின்றான்.

"பாத்தீங்களா பாபு, ஒரே ஒரு கிழவி. இதுக்கு ஒரு அடுப்பு எரியணுமா?"

கிழவி நிமிர்ந்தாள். "நீங்க உக்காந்து முதல் கவளம் எடுங்க மியா சாஹிப், உங்க பாட்டனார் எடுத்த மாதிரி. எல்லாரும் திரும்பி வந்துருவாங்க."

"எனக்கு வயிறு சரியில்ல" என்றான். அந்தத் தொந்தியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கெட்ட சோற்றைப் போட்டே ஆட்களை விரட்டியிருக்கிறான், பாவி. சிவன் சொத்து குல நாசம் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். அதைச் சொல்லிக்கொண்டே கோயில் நிலத்தை விழுங்கிய தர்மகர்த்தாக்களையும் பார்த்திருக்கிறேன். சாமி எழுந்து வந்து கேட்கப் போகிறதா என்ற தைரியம்தான் எல்லாருக்கும். தூ!

சோறு கெட்டது என்று கோர்ட்டில் சொன்னேன். வக்கீல் சிரித்தார்.

"வாயில வெச்சுப் பாத்தீரா?"

"இல்லை."

"பிராமணர். முசல்மான் வீட்டுச் சோத்தைத் தொடவே மாட்டார். இவர் எப்படி அது கெட்டதுன்னு சொல்றார்?"

என்னை எதற்காகத் தேடிப் பிடித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொரு தடவை பார்த்துவர ஜட்ஜிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை யாருக்கும் சொல்லாமல் போய்க் கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அவள் தட்டில் கை வைத்ததும் பதறிப்போனாள்.

"உங்க ஜாதி என்னாகும் பாபு?"

"அது கிடக்கட்டும்மா."

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். நூல் நூலாக இழுத்தது. புளிப்பு மண்டைக்கு ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கிழவி என் முதுகைத் தடவினாள்.

"துப்பிடுங்க பாபு. உங்களுக்குப் பழக்கமில்ல."

விழுங்கினேன். வாய்கூடக் கொப்பளிக்காமல் கோர்ட்டுக்குப் போய், சாப்பிட்டேன் என்று சொன்னேன். மனு தள்ளுபடியாயிற்று. கொடுத்தவர் விதித்தபடி முதல் கவளத்தை முத்தவல்லியே தினமும் சாப்பிட வேண்டும் என்று உத்தரவும் ஆயிற்று.

மறுநாள் கிச்சடி சுடச்சுட, நெய் விட்டு வந்ததாம்.