மொழிபெயர்ப்பாளர் சோதிலிங்கம்

சோதிலிங்கம் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் தபால் பிரிக்கிறவர். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பிசகாமல் உரிய தெருவுக்கு அனுப்பி வைப்பார். கிளென்ஃபீல்டில் இருந்த வாடகை வீட்டில் அவருக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றும் இருந்தது. 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த மனைவி யோகராணிக்கு ஆங்கிலம் ஓடாது. ஆகவே டாக்டர், பஸ்காரன், வானிலை அறிக்கை எல்லாமே இவர் வாயால்தான் அவளோடு கதைத்தன. அந்தப் பதவியில் மனுசனுக்கு அப்படியொரு பெருமை.

ஒரு ஞாயிறு மாலை டிவியில் ஒரு காட்டூன் குடும்பம். தொப்பைக்காரப் புருஷன் கலியாண நாளை மறந்துவிட்டான். மனைவி அழுதபடி சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கதவைப் படாரென்று சாத்தினாள்.

"என்னவாம்?" என்றாள் யோகராணி.

இப்படிப்பட்ட சங்கதிகளை வீட்டுக்குள் விடலாமா? சோதிலிங்கம் தொண்டையைச் செருமினார். "தாயைப் பாக்கப் போறாவாம். மனுசனிட்டைக் கேட்டிட்டுத்தான்."

"ஏன் அழுறா?"

"அவரைப் பிரியிற கவலை."

"பிறகேன் அவர் முழங்காலிலை நிண்டு சொறி, சொறி எண்டுறார்?"

மன்னிப்புக் கேட்கிற அந்த ஒரு ஆங்கிலச் சொல் அவளுக்கும் தெரியும். சோதிலிங்கம் அசரவில்லை. "அதுக்கு இஞ்சை ஒரு கருத்துமில்லை. வெள்ளையள் தும்மினாலும் சொறி எண்டுவினம்."

யோகராணி எழுந்துபோய் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். காட்டூன் மனைவி கதவைத் திறந்து முறைத்தாள், புருஷன் கெஞ்சினான். பேச்சில்லாமலே எல்லாம் நன்றாக விளங்கியது.

"இஞ்சாருங்கோ, போன கிழமை தையல் கடையிலையிருந்து எனக்கு வந்த கடிதம். வேலை இல்லையாம் எண்டு வாசிச்சனீங்கள்."

"ஓம்."

"அதையும் இப்பிடித்தான் வாசிச்சனீங்களோ?"

சோதிலிங்கம் டிவிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஷொப்பிங் மோலில் இருந்த அந்தக் கடையில் அவள் ஒரு பாவாடை தைத்துக் காட்டியிருந்தாள். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. வேலை இல்லை என்று கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை. "இவங்கள் அப்பிடித்தான், விடும்" என்று ஆறுதல் சொன்ன புண்ணியவானும் இவர்தான்.

அவள் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாசியுங்கோ. இல்லாட்டி மேர்சி அக்காவிட்டைக் குடுக்கிறன்."

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மன்னார் மேர்சி அக்காவுக்குத் தெரிந்தால் ஒக்லாந்துத் தமிழர் முழுப்பேருக்கும் தெரிந்த மாதிரி. அவர் முதன்முறையாக ஒழுங்காக மொழிபெயர்த்தார். "திங்கள் காலமை ஒன்பது மணிக்கு வேலைக்கு வரட்டாம். வராட்டி வேறை ஆளை எடுப்பினமாம்."

"எந்தத் திங்கள்?"

"நாளைக்கு."

உண்மையில் அவருக்குப் பயம். அவள் வெளியே போய் நாலு சொல் பழகிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் இவரை யார் கேட்பார்கள்? அதை வாய்விட்டுச் சொல்ல எந்த மொழியும் வரவில்லை.

யோகராணி கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். டிவியில் தொப்பைக்காரன் இன்னும் முழங்காலில் நின்றான். சோதிலிங்கத்துக்கு முழங்கால் மடங்கவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் திறந்தது.

"சொறி," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன, தும்மினீங்களோ?"