வெள்ளிக்கிழமையானால் முரண்டு பிடிக்கும் பர்னர்

என் வீட்டுக்காரரின் கொல்லுப்பட்டறைக்கு நான் ஒரு கேஸ் பர்னர் செய்து கொடுத்தேன். திங்கள் முதல் வியாழன் வரை அது சொன்ன பேச்சைக் கேட்கும். வெள்ளிக்கிழமையானால் முரண்டு பிடிக்கும். இதைக் கம்பெனிப் பஸ்ஸில் சொன்னபோது கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் செம்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒட்டுவது என் வேலை. எட்டு மணி நேரமும் கையில் தீயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். நீலமாக இருந்தால் எப்படி, நுனி மஞ்சளாகப் போனால் எப்படி என்று எனக்குத் தெரியும். சத்தியவேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அவர் அரிவாளும் களைக்கொத்தும் அடிக்கிறார், கடப்பாரைக்கு முனை தட்டிக் கொடுக்கிறார். இருபது வருடமாகக் கரியில்தான் இரும்பைக் காய்ச்சினார். அந்தப் புகை அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வார்த்தை பேசினால் ஒரு இருமல் வரும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார்.

திருப்பதியில் பார்த்த டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தெலுங்கில், "பொக்கு பனி மானேயண்டி" என்றார். கரி வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இவர் தலையாட்டினார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "பட்டறய மூடிட்டு நான் இன்னாமே பண்றது, வாட்ச்மேன் வேலைக்கா போறது" என்று இருமல்களுக்கு நடுவே கேட்டார். கரிதானே ஆகாது, தீ வேறு நான் கொண்டுவருகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முக்கால் இஞ்ச் இரும்புக் குழாய், வாய்க்கு அகலமாக ரெடியூசர் என்கிற ஒரு குழாய் இணைப்பு, கேஸ் வருவதற்கு வெல்டிங் துப்பாக்கியில் போடும் ஊசித்துளை செம்பு முனை. இவ்வளவுதான் பர்னர். குழாயின் பின்பக்கம் ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டேன். முனையிலிருந்து சீறிப் போகிற கேஸ் அந்த ஜன்னல் வழியாகக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். பெரிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் சென்னையிலிருந்து வாங்கி வந்த, சூடு தாங்கும் செராமிக் கம்பளியைச் சுற்றி உலை செய்தேன். ஓட்டல் சிலிண்டரும் பிரஷர் காட்டும் ரெகுலேட்டரும் வந்தன.

முதல் நாள் தீ வாயை விட்டுத் தாவித் தாவி அணைந்தது. பிரஷரைக் குறைத்தேன். குறைத்தால் குழாய்க்குள்ளேயே போய் "டப் டப்" என்று வெடித்தது. துளை பெரிதென்று சின்ன முனை மாற்றினேன். என் முன்நெற்றி முடி கொஞ்சம் பொசுங்கியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது ஒரே சீராக இரைந்தது, உலைக்குள் வைத்த இரும்பு எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. நான் அவரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, அந்த ஜன்னலுக்குள் விரலை நீட்டி, "இந்த முனைதான் மாமா எல்லாம். தீ பொறக்கிற எடம் இதான்" என்றேன். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை அது கெட்டது. தீ மஞ்சளாகி உலைக்கு வெளியே நாக்கை நீட்டியது, பிறகு உள்ளே வெடித்தது. சனிக்கிழமை அறுவடைக்காரர்கள் வந்து நிற்க, அவர் பழைய அடுப்பில் கரியைக் கொட்டினார். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரு முனை வரைக்கும் இருமல் கேட்டது.

ஞாயிறு பர்னரைக் கழற்றினேன். முனை மேல் கறுப்பாகப் பொருக்கு படிந்திருந்தது. உள்ளே எரிந்ததால் வந்த கசடு என்று நினைத்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டினேன். நன்றாக எரிந்தது. அடுத்த வெள்ளி மறுபடி அதே கதை. சிலிண்டர் தீரத் தீர பிரஷர் இறங்குகிறதோ என்று புது சிலிண்டர் மாட்டிப் பார்த்தேன். காற்று அடிக்கிறதோ என்று தட்டி கட்டினேன். ஹோஸை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை.

நான்காவது சனிக்கிழமை அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூச்சுக்கு மருந்து வைத்துத் திரும்பினோம். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உனுக்கு கேஸ் புடிக்கல. நீயேதான் எதுனா பண்ணி கெடுக்கிற. அடுத்த வாரமும் கரி போட்ட, கொட்டாய்க்கு பூட்டு போட்டுடுவேன்" என்று கத்தினேன். "இல்லமே" என்றார். அதற்கு மேல் பேச அவரிடம் மூச்சில்லை. அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தண்ணீர் பிடிக்கிறவள் மாதிரி குழாயடியில் நின்று கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்பது என் எண்ணம், பொய் சொல்லவில்லை.

அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தார். சம்மட்டிக்கு ஒரு பொட்டு, பட்டறைக்கல்லுக்கு ஒரு பொட்டு, இடுக்கிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மஞ்சள் மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் செய்வதுதான். சம்மட்டியில் அந்தப் பொட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டில் எதில்தான் பொட்டில்லை? பிறகு பர்னரிடம் வந்தார். குனிந்து, சுண்டுவிரலை ஜன்னலுக்குள் விட்டு, அந்தச் செம்பு முனையின் மேல் கெட்டியாக மஞ்சள் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கை கூப்பினார். "என் பொண்டாட்டி கட்டின தீ. அவ மானத்த காப்பாத்து, சாமி" என்றார்.

கேஸைத் திறந்ததும் துளை மேல் இருந்த மஞ்சள் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், ஓரத்தில் கொஞ்சம் காய்ந்து நின்றிருக்கும். அவ்வளவு போதும். சீறல் கோணிக்கொண்டு குழாய்ச் சுவரில் மோதும், காற்றை இழுக்காது. உள்ளே வெடித்த தீயில் மஞ்சள் கருகிப் பொருக்காகிவிட, நான் அதைக் கசடு என்று வாராவாரம் தேய்த்திருக்கிறேன்.

குடத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். "அங்க ஏன் மாமா வெச்ச?"

அவர் திடுக்கிட்டார். "நீதானமே சொன்ன, தீ பொறக்கிற எடம் அதான்னு. அதுக்கு வெக்காம வேற எங்க வெப்பேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. போன வாரம் கத்தியதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது, "நானேதான் கெடுத்துகினு இருந்தேனா" என்றார். இல்லை என்று சொல்லி, முனையைத் துடைத்து, உலையைத் தாங்கும் இரும்புக் காலில் அவர் கையைப் பிடித்தே புதுப் பொட்டு வைக்கவைத்தேன். தீ நீலமாக நின்றது.

அதன் பிறகு வெள்ளியும் எரிந்தது, சனியும் எரிந்தது. அறுவடை முடிந்து மாதங்கள் போயின. அடுப்பு மூலையில் கரி மூட்டைகள் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய இருமல்தான் காதில் கேட்டது. ஒரு ஞாயிறு காலை அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், தெருவில் இஸ்திரி வண்டி தள்ளி வந்தவரைக் கூப்பிட்டு மூட்டைகளை எல்லாம் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அவர் வந்து மூலையைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். "எவன கேட்டுமே குடுத்த? ஒரு மூட்டயாவது வெக்க வாணாவா? நாளைக்கு சிலிண்டர் வரலன்னா உன் தலையிலயா இரும்ப காய்ச்சறது? கம்பெனில தீ புடிக்கறேன்னு எல்லாம் நீயே முடிவு பண்ணிடுவியா? என் பட்டறமே இது, என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. அவர் நிறுத்தவேயில்லை. ஒரு இடத்தில்கூட இருமவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். "ஏய், கரிக்கா இப்டி அழுவுற? வுடு, போனா போவுது."

"நிறுத்தாத மாமா," என்றேன். "இன்னும் கொஞ்சம் திட்டு."