ஆறு புட்டி ஊற்றினால் ஐந்து

காரவள்ளியில், மலைக்கு ஏறும் ரோட்டுக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு தைலக் கம்பெனியில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கட்டடம், நான்கு அண்டா, பன்னிரண்டு பெண்கள், முதலாளி, நான். காய்ச்சியது மூலிகைக் கூந்தல் தைலம். அந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. வேறு ஊரிலும் இல்லை. யாராவது முன்னால் நின்று பெண் பார்த்திருந்தால் கல்யாணம் ஆகியிருக்கும். யாரும் நிற்கவில்லை, ஆகவில்லை. வாடகை அறையில் நான் பேசியது பெரும்பாலும் ஸ்டவ்வோடுதான், அதுவும் திட்டுவதற்கு.

மத்தியானச் சாப்பாடு மட்டும் வேறு மாதிரி. முதலாளி வீட்டிலிருந்து நான்கு அடுக்குக் கேரியர் வரும். இரண்டு அடுக்கு அவருக்கு, இரண்டு எனக்கு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மனைவியை நான் நாலைந்து தடவைக்கு மேல் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பாகற்காய் ஆகாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். அது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கலால் துறைக்காரர்கள் வந்து, இது மருந்தல்ல, அழகுப் பொருள், கூடுதல் வரி கட்டு என்றார்கள். முதலாளி ஆயுர்வேத லைசென்சைக் காட்டிச் சண்டை போட்டார், கேஸ் போட்டார். கேஸ் நடந்த காலம் முழுக்க ஆட்சேபம் எழுதிக் கொடுத்தபடியே வரியையும் கட்டினார். அவருடைய வாழைத் தோட்டம் பேங்கில் அடமானத்துக்குப் போனது. தைலத்தின் விலையை ஏற்றலாம் என்றால் கடைக்காரர்கள் வேறு தைலத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது நான்தான் யோசனை சொன்னேன். விலையைத் தொட வேண்டாம், பாட்டிலைத் தொடுவோம்.

அதே உயரம், அதே வாய், அதே லேபிள். அடிக்கண்ணாடி மட்டும் தடிப்பாக. புது பாட்டில் ஆறில் இருப்பது பழைய பாட்டில் ஐந்தில் அடங்கிவிடும். அளவை லேபிளில் மாற்றித்தான் அச்சடித்தோம், எறும்புதான் படிக்க வேண்டும் என்கிற மாதிரி எழுத்தில். அன்றைக்கு முதலாளி தன் அடுக்கிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். "நீங்க இல்லீன்னா நான் என்னங்க பண்ணுவேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெட்கங்கெட்ட பெருமையை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று வருடம் கழித்து, தைலம் மருந்துதான் என்று தீர்ப்பு வந்தது. கட்டிய கூடுதல் வரியைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பதிலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த வரியை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு இப்போது நீயும் வாங்கிக்கொண்டால் ஒரே பணம் உனக்கு இரண்டு தடவை வந்ததாகிவிடும். உன் கையிலிருந்துதான் கட்டினாய் என்று நிரூபி, இல்லாவிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகும். வக்கீல் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். வரிக்கு முன்னும் பின்னும் ஒரே விலை. விலை ஏறவில்லை என்று வாங்குபவர்களிடம் கடிதம் வாங்கி வாருங்கள், தோட்டம் மீண்டுவிடும் என்றார்.

மொத்த வியாபாரிகள் காகிதத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே விற்பனை வரிக்காரன் வாசலில் நிற்பான் என்று பயம். மிச்சம் இருந்தவை மலைமேல் எங்களிடம் நேராகச் சரக்கு எடுக்கும் ஆறு கடைகள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போனேன். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு; பெரக்கரை நாட்டிலும் குண்டூர் நாட்டிலுமாக ஐந்து கடைக்காரர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறாவது கடைக்காரர் குண்டூர் நாட்டில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தார். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு சின்னக் கடை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"வெல ஏத்துலீங்க, நெசந்தான்" என்று சொல்லி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "செத்த இருங்க" என்று உள்ளே போய் எங்கள் காலி பாட்டில்கள் இரண்டைக் கொண்டுவந்தார்.

"இது பழசுங்க. தேன் அளக்க வெச்சிருக்கறேன். இது புதுசு." புதியதில் வாய்வரை தண்ணீர் பிடித்துப் பழையதில் ஊற்றினார். கழுத்துவரைகூட வரவில்லை. "ஆறு புட்டி ஊத்துனா அஞ்சுதானுங்க வருது. பொம்பளைங்க நாந்தேன் எடுத்துக்கறேன்னு சிரிக்கறாங்க. சீலு ஒடையாம நான் எப்புடி எடுப்பேன்? ஏனுங்க, அந்தப் பாட்டில்காரன் உங்க முதலாளிய ஏமாத்தறானுங்க. பாவம், நல்ல மனுசன். யாராச்சும் வந்தாக் குடுத்துடலாம்னு ரெண்டு வருசமா எடுத்து வெச்சிருக்கறேன்."

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்தார். "அடுத்த பஸ்சு வரத்துக்கு நேரமிருக்குதுங்க, மெதுவா சாப்புடுங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். என் வயிறு நிறைகிறதா என்று அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கிளம்பும்போது பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்தார்.

விசாரணை சேலத்தில். அதிகாரி கடிதங்களைப் புரட்டினார், விலைப் பட்டியலைப் பார்த்தார். எல்லாம் முடிந்து பேனாவை மூடப்போகிறவர், "அளவும் அதேதானே?" என்றார். "அதேதானுங்க சார்" என்றார் முதலாளி. அதிகாரி என் பக்கம் திரும்பி, "கணக்கு நீங்கதானே பாக்கறீங்க, நீங்க சொல்லுங்க" என்றார்.

மேலே இருந்தது குண்டூர் நாட்டுக்காரரின் கடிதம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழுப்பெயரும் எழுதிப் போட்ட கையெழுத்து. என்னுடைய திருட்டுக்கு அந்த மனுஷன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பையைத் திறந்து இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்தேன். தர்மம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு அந்தக் கையெழுத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அதிகாரி அளந்து பார்த்து எழுதிக்கொண்டு பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் முதலாளி கார்க் கதவைத் திறந்தார். "நீங்க பஸ்சுல வந்துருங்க" என்றார். மறுநாள் மத்தியானம் கேரியர் வந்தது. இரண்டே அடுக்கு.

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார். ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. அளவைக் குறைத்ததும் விலையை ஏற்றியதும் ஒன்றுதான் என்று மனு தள்ளுபடியாகி, பணம் அந்த நிதிக்குப் போனது. வாழைத் தோட்டத்தை விற்றுப் பேங்குக் கடனை அடைத்தார். நான் சமையலறை இல்லாத என் அறையிலிருந்து தயிர்சாதம் கொண்டுபோய் அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் செய்தது சரி என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் கேட்பது என்று யோசித்தால் ஒரே ஒரு முகம்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டில்களை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

"வாங்க வாங்க" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "முதலாளிகிட்டக் காட்டுனீங்களா?"

"ஆபீசர்கிட்டயே காட்டினேங்க" என்று நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கவனமாகக் கேட்டார்.

"அப்பப் பணம் எங்களுக்கு வருமுங்களா?"

"இல்லைங்க. சர்க்கார் நிதிக்குப் போயிருச்சு."

"முதலாளிக்கு?"

"அவருக்கும் இல்லை. தோட்டம் போயிருச்சு."

"அடப் பாவமே" என்றார். "அந்தப் பாட்டில்காரனுக்காச்சும் தண்டனை கெடச்சுதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாட்டில்காரன் யாரும் இல்லைங்க. அடியைத் தடிப்பாக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பழைய பாட்டிலை மட்டும் வாங்கி, வேட்டி முனையால் துடைத்துத் தேன் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். புதியதை வாங்கிக்கொள்ளவில்லை.

"பஸ்சு வர நேரமாச்சுங்க" என்றார்.

பஸ்சுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.