பிணவறை வாசலில் பெரியம்மா

ஆஸ்பத்திரிக்குள் ஒப்பாரி பாடியதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். கன்னத்தில், அம்மா கையால், வார்டே பார்க்க. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. இன்னொரு தடவை அதே கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னாலும் அதையேதான் பாடுவேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தாள். ஏலச்செடியில் காய் தூரை ஒட்டித்தான் பிடிக்கும். நாளெல்லாம் குனிந்து கிடந்து எடுக்க வேண்டும். அந்த வேலையில் அவளை முந்த ஆளில்லை. ஆனால் மலையில் அவள் பெயர் பரவியது ஒப்பாரியால்தான். எந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் ஜீப்பு முதலில் அவள் வீட்டுக்குத்தான் வரும். லீவு விட்டால் நானும் அவளோடு ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். மற்றப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடித் திரிந்த வயதில் எனக்குத் துக்க வீட்டுப் பாட்டுகள் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள் காய் எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வாதம். வலது கையும் பேச்சும் போயின. மலையிறக்கிக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு அம்மா இருந்தாள், அம்மாவோடு நானும் இருந்தேன். பெரியம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. தண்ணீர் கேட்க வாய் கோணும், வார்த்தை வராது, ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிடுவாள். ஊரையே அழவைத்த வாய் ஒரு வாய்த் தண்ணீருக்குத் திணறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் அக்கா வருவார். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். பெரியம்மாவைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போகாது, அதைப் பிடித்துப் பேச்சை மீட்கலாம், ஆனால் நாள் கடத்தக் கூடாது என்றார். அம்மா செல்போனில் சினிமாப் பாட்டுப் போட்டாள், சாமி பாட்டுப் போட்டாள். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அதை வாயால் சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை.

எனக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. ஒரு மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மலையேறிப் போன ராசா" என்று இழுத்தேன். அம்மா அறைந்தாள். நான் அழ ஆரம்பிப்பதற்குள் பெரியம்மாவின் வாய் திறந்தது. "மலையிறங்க மாட்டீகளா" என்று ஒரு சொல் பிசகாமல் வந்தது. அடுத்த வரியும் வந்தது.

வார்டு கொதித்துப்போனது. பக்கத்துக் கட்டிலில் தேவாரம் என்ற ஊரிலிருந்து வந்த அம்மா ஒருவர் பித்தப்பை ஆப்ரேஷனுக்காகக் காத்திருந்தார். "உசுரோட இருக்கையிலேயே ஒப்பாரியா? நாளைக்கு என்னைய அறுக்கப் போறாகத்தா" என்று அழுதார். பாவம், அவர் பயமும் நியாயம்தான். அம்மா அவரிடம் பணிவாகத்தான் சொன்னாள். "அவ பேசுறதுக்குப் பாடுறா. ஒங்களுக்குப் பாடல." அது எடுபடவில்லை. சிஸ்டர் ஓடிவந்து, இங்கே இது கூடவே கூடாது, இதைப் பாட வேண்டுமானால் பிணவறைக்குப் போய்ப் பாடுங்கள் என்று சத்தம் போட்டார்.

கோபத்தில் சொன்னதை அம்மா அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

"சரி சிஸ்டர். அப்ப அந்தத் தள்ளுவண்டியக் கொண்டாங்க."

மறுநாளிலிருந்து பெரியம்மாவைப் பிணவறை வாசலில் இருந்த வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஒப்பாரியை யாரும் தடுக்க முடியாத இடம் அது ஒன்றுதான். உடலை வாங்கக் காத்திருந்தவர்கள் பெரியம்மாவைச் சொந்தம் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். யாரோ எங்களுக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். பயிற்சி அக்காவும் எங்களோடு வந்துவிடுவார். ஒப்பாரி மெட்டிலேயே "தண்ணி கொண்டா", "காலு வலிக்குது" என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாளில் பெரியம்மா வார்டில் காப்பியையும் மாரடிக்கிற ராகத்தில் கேட்க ஆரம்பித்தாள். ஆப்ரேஷன் முடிந்து திரும்பியிருந்த தேவாரத்து அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வலது கை மட்டும் அசையவில்லை. அதற்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிய வேலை. நன்றாகத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று திடமாக நம்பினேன்.

ஒருநாள் மரத்தடியில் யாருமே இல்லை. அன்று உள்ளே சாவும் இல்லை. பெரியம்மா, நான் அதுவரை கேட்டிராத ஒரு வரியை எடுத்தாள். தேடித் தேடித்தான் பாடினாள்.

"காயெடுத்த பொன்னுக் கையே
கண்ணெதிரே போனீகளே"

அப்படி ஒரு பாட்டே கிடையாது. அவளுக்கு வரி குழம்பிவிட்டது என்று பயந்து நான் திருத்தப் போனேன். பயிற்சி அக்காவோ சந்தோஷத்தில் கண் விரிந்து, சேச்சி சொந்தமாக வார்த்தை கட்டுகிறார் என்று என்னை அடக்கினார். அம்மா பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் செய்வதுபோலவே எதிர்ப்பாட்டுப் பாடி அழுதாள். செத்தவர் யாரென்றே தெரியாமல் இவ்வளவு அழுகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் பாடி முடித்து, மூக்கைச் சிந்தி, முகம் கழுவினார்கள்.

அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டு வந்ததும் அம்மா வழக்கம்போல ஊட்டப் போனாள். பெரியம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பீச்சாங்கையால் சோறு தின்பதை வார்டே வெறித்துப் பார்த்தது. தேவாரத்து அம்மா, ஸ்பூனாவது வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று முகம் சுளித்தார். பெரியம்மா வாயில் இருந்ததை விழுங்கினாள். பிறகு ராகம் போடாமல், வாதம் வந்தபின் முதல் தடவையாக வெறும் பேச்சாகப் பேசினாள்.

"இனி இதுதேன் சோத்துக்கை."

அம்மா எழுந்துபோய் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வழக்கம்போல வலது கையைத் தேய்க்க உட்கார்ந்தேன். பெரியம்மா தடுக்கவில்லை. அவளும் அம்மாவும் அந்தக் கைக்கு முந்தின நாளே அழுது முடித்துவிட்டார்கள் என்று தெரியாமல், விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டே இருந்தேன்.